ஆறாயிரத்து நூற்று நாற்பத்துநான்கு

இரவு ஒன்றே முக்கால்.
அறுபத்திரண்டு வீதத்தில் நின்றுவிட்டது
இசர்லோன் சுகிர்தனின் மகளுடைய சாமத்தியவீடு.

திரையில் ஆதிரா,
கண் பாதி மூடியபடி.
உச்சந்தலையில் அறுகும் பாலும்.
மாமியின் கை
நெற்றிக்கும் அந்தரத்துக்கும் நடுவில்.
கீழே சின்னப் பெட்டியில் ஒரு வசனம்:
நினைவகம் போதாது.

ஆறு மணித்தியாலப் படம், மூன்று கமரா,
ஹெலிகொப்டரில் வந்திறங்கும் காட்சி வேறு.
அவள் வந்தது பெரியப்பாவின் பழைய ஓப்பலில்.
ஹெலிகொப்டர் நான் ஒட்டியது.
எல்லாவற்றையும் நாலு ஜிபிக்குள்
அமத்தப் பார்த்தது என் பிழைதான்.
ஆனால் சனிக்கிழமை தருவதாகச் சொல்லி
முற்பணம் வாங்கி
அதில் காருக்குப் பனிக்கால டயரும் போட்டாயிற்று.

ஆகவே செட்டிங்ஸுக்குள் இறங்கினேன்.
ஒன்றைத் திறந்தால் 'மேம்பட்டவை',
அதற்குள்ளும் ஒரு 'மேம்பட்டவை',
ஹாகன் நகரசபைக் கட்டடம் மாதிரி
ஒவ்வொரு கதவிலும் அடுத்த கதவின் இலக்கம்.
கடைசிக் கதவில் அந்த ஜெர்மன் சொல்:
அவுஸ்லாகருங்ஸ்டடாய்.

வாயில் போட்டு மென்றேன்.
நடுவில் ஒரு கல் கடிபட்டது.
லாகர்.

பதினாறு வருசமாய்
ஊனாவில் ஒரு லாகரில்
பலகைத் தட்டுகளை ஏற்றி இறக்குகிறேன்.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
அதற்கு முதல் பதினொரு மாதம்
இன்னொரு லாகரில் இருந்தேன்,
அறைக்கு ஆறு கட்டில்,
காலையில் கதவில் ஒட்டும் தாளில்
என் இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதே வேலை.
அப்போதும் தெரியும்.

விசயம் இலேசானது.
கையோடு வைத்திருக்க இடம் காணாவிட்டால்
கொஞ்ச நேரமாய் யாரும் தொடாததை
பக்கம் பக்கமாய்த் தூக்கி
வட்டின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைக்கும்.
எறியாது.
கூப்பிட்டால் எடுத்து வரும்.
கூப்பிடும்வரை அது அங்கேயே.
எடுத்துவர நேரமாகும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று கேட்க
அந்தச் சாமத்தில் ஒருவருமில்லை.
சுவருக்கு அப்பால் மனைவியின் இருமல்,
குழாய்க்குள் வெந்நீர் ஓடும் சத்தம்.

முதலில் கடைசித் தெரிவைத்தான் தொட்டேன்:
ஒன்றையும் வெளியே வைக்காதே.
ரோசம்.
எல்லாம் உள்ளேயே இருக்கட்டும், வெளிச்சத்தில்.
அணைத்துத் திறந்து ஓடவிட்டேன்.
பதினெட்டு வீதம்,
ஹெலிகொப்டர் தரையைத் தொடவில்லை,
நீலத் திரை.
ரோசத்துக்கு ராம் காணாது.

'கணினியே பார்த்துக்கொள்ளும்' என்று மேலே ஒன்று.
இவ்வளவு நாளும் அதுதான் பார்த்துக்கொண்டது.

மிச்சம், நானே எழுதும் கட்டங்கள் இரண்டு.
வாடகைக் கடிதத்தின் பின்பக்கம்
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறை
ஒன்றரையால் பெருக்கினேன்.
குறைந்ததிலும் கூடியதிலும் ஒரே எண்ணைப் போடு,
ஊதிச் சுருங்கினால் இன்னும் இழுபடும்
என்று வேலையிடத்து மார்செல் சொன்னவன்.

சியில் இடமில்லை.
டியில் இருந்தது
டோர்ட்முண்ட் கல்யாணம் ஒன்று,
ஒன்பது ஜிபி.
எடுக்க வரமுதலே பிரிந்துவிட்டார்கள்.
முழுக்காசும் தந்தது பெண்தான்.
இரண்டாம் பாட்டை மாற்றச் சொல்லி
ஒருமுறை போன் எடுத்தாள்,
மாற்றி வைத்திருக்கிறேன்.

அழிக்கவா என்று கேட்டது.
இல்லை என்றேன்.
பதிலுக்கு ஏழு ஹெலிகொப்டர்களை அழித்தேன்,
நாலு அருவி, ஒரு தாஜ்மகால்,
இதய வடிவில் பறக்கும் புறாக்கள் முழுவதையும்.

6144.
6144.
சரி.
அணைத்துத் திற.

இப்போது வட்டு கறகறவென்று
எதையோ இழுத்துக்கொண்டு போகிறது, வருகிறது.
ஐந்தரைக்கு நான் ஊனாவில் நிற்கவேண்டும்.
யன்னலுக்கு வெளியே முதல் ட்ராக்டர்,
சாலைக்கு உப்புத் தூவிக்கொண்டு.

அறுபத்தொன்று.
அறுபத்திரண்டு.
கோப்பி ஆடை கட்டிவிட்டது.
அதே பாதிக் கண். அதே கை.
நான் கதிரையின் நுனியில்,
பட்டியல் ஒட்ட வருபவனின்
சப்பாத்துச் சத்தத்தைக் கேட்பவன் மாதிரி.

பிறகு
அவள் கண்ணை முழுதாக மூடினாள்.
மாமியின் கை இறங்கியது.
பால், மூக்கு நுனிவரை வந்து
சொட்டியது.