தண்ணீருக்கு அபராதம்

பாமுக்காலேயில் எனக்கு வேலை
விசில் ஊதுவது.
செருப்போடு வெள்ளைப் பாறையில் ஏறுபவரை
ஒரே ஊதலில் நிறுத்திவிடுவேன்.
எந்த நாட்டுக்காரருக்கும் அது புரியும்.
கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
கூசிக் கூசி நடப்பார்கள்.
தூரத்துக்குப் பஞ்சுப் பொதி,
பாதத்துக்கு அரம்.

மேலே மதகு துர்சுன் கையில்.
திங்களன்று மேற்குத் தட்டு, செவ்வாயன்று நடுத்தட்டு.
எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைக்க
ஊற்றுக்கு வக்கில்லை.
காயவிட்டால் வெள்ளை பழுப்பேறும்,
ஓயாமல் நனைந்தால் பாசி பிடிக்கும்.
அவனுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை,
அதனால் துர்சுன், 'நிற்கட்டும்' என்று பெயர்.
நின்றான்.
நிற்காத ஒன்றைத் திறந்துவிட்டுக்கொண்டு
இருபது வருஷமாக.

மதியம் கூட்டம் குறைந்தால்
வடக்கு வாசல் கல்லறைகளுக்கு நடுவே
ரொட்டியும் ஆலிவும் தின்பேன்.
இடுப்புவரை பாறையில் புதைந்த ஒரு கல்பெட்டி.
அதன் எழுத்தை, தோண்ட வந்த இத்தாலிக்காரி
ஒருமுறை வாசித்துச் சொன்னாள்:
'கம்பளிச் சாயக்காரன் ஸோசிமோஸ், அவன் மனைவி,
இருவருக்கு மட்டும்.
வேறு யாரையும் உள்ளே வைத்தால்
கருவூலத்துக்கு ஐந்நூறு தெனாரி.'

நானும் அபராதச் சீட்டு எழுதுகிறவள்தான்.
எழுத்து ஆழமாக வெட்டியிருக்கிறது, தொகையில் குழப்பமில்லை.
என்றோ ஒரு பூகம்பத்தில் வாய்க்கால் உடைந்து
வழி மாறிய தண்ணீர்
இதைப் படிக்காமல் உள்ளே போயிருக்கிறது.
போனது படுத்தது,
படுத்தது எழவில்லை.
சாயக்காரனுக்கும் மனைவிக்கும் நடுவில்
வெந்நீராய் வந்து
கல்லாய்க் கிடக்கிறது மூன்றாம் ஆள்.
யாரிடம் வசூலிக்க?

வீட்டிலும் அதே ஆள்.
தேநீர்க் கெண்டியின் அடியில் வெள்ளையாக.
மாதம் ஒருமுறை வினிகர் கொதிக்கவைத்துக்
காலி செய்ய வைக்கிறேன்.
மறுநாளே குடிவந்துவிடும்.

போன மாதம் ஒருத்தி,
நான் மூன்று முறை ஊதியும்
ஒரு காலில் மட்டும் செருப்பைக் கழற்றினாள்.
சீட்டுப் புத்தகத்தோடு ஓடினேன்.
பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக் காட்டினாள்:
இடது கால் உலோகம்,
ஷூ அதில் திருகாணி போட்டு நின்றது.
பெயர் சுஹெய்லா, ஊர் அந்தாக்யா.
"மூன்று நாள் என் வீடு என்மேல் ஏறி நின்றது,
இன்றைக்கு நான் ஏறிப் பார்க்கிறேன், விடு."

விதியில் இதற்கு வரி இல்லை.
தலைத்துணியை அவிழ்த்து அந்த ஷூவைச் சுற்றிக் கட்டினேன்.
வெறுந்தலையோடு நான் கீழே,
நீலக் குளம் நீலக் குளமாக
அவள் மேலே.
மூன்றாவது தட்டில் சறுக்கினாள்.
கெட்ட வார்த்தை சொன்னாள். சிரித்தாள்.
இறங்கி வந்து
முடிச்சோடு துணியை உருவிக் கொடுத்தாள்.

அலசலாம் என்று வாய்க்காலில் போட்டவள்
மறந்துபோனேன்.
பன்னிரண்டாம் நாள் துர்சுன் அதைக் கொண்டுவந்து
மேசையில் வைத்தான், 'டக்' என்றது.
கல்லுக்குப் போகும் வழியில்
பாதி தூரம் போயிருந்தது துணி.
உள்ளே ஒரு குதிகாலின் குழி.

"வினிகரில் போட்டால் விட்டுவிடும்" என்றான்.

கெண்டியை மட்டும் போட்டேன்.