ஆறாறாய் எட்டு

வியாழன் பின்னேரம் கணினி படுத்தது.
வெள்ளி காலை மாங்குளத்திலிருந்து கஜரூபன் வந்து
விண்டோஸைப் புதிதாய் ஏற்றினான்.
பழைய பிழையெல்லாம் போச்சு என்றான்.
என் பெயரும் போச்சு.
டி டிரைவில் மட்டும்
ஒரு மஞ்சள் பூட்டுத் தொங்கியது.

உள்ளே,
மல்லாவிப் பால் சேகரிப்பு நிலையத்தின் ஐந்து வருசம்.
இருநூற்றுப் பதினாலு பேரின் லீற்றர், கொழுப்பு,
புண்ணாக்குக்குக் கழித்த காசு,
செத்த கன்றுக்கு இன்னும் வராத காப்புறுதி.
நாளைக்குப் பால்காசு கொடுக்கவேண்டும்.

வாசலில் இரண்டு கலனோடு சைக்கிளைச் சாத்திவிட்டு
தவமலர் எட்டிப் பார்த்தாள்.
"அனுமதி இல்லையாமோ? ஏன் தங்கச்சி,
உதுக்குள்ளயும் வன இலாகா கல்லு நட்டிட்டுதோ?"
சிரிக்க நினைத்தேன். அவளுடைய ஒன்றரை ஏக்கர்
கல்லுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது.

திரை நாற்பத்தெட்டு இலக்கம் கேட்டது.
எட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஆறு.
எனக்கு முன்னிருந்த வதனரூபிதான் பூட்டினவள்;
பிள்ளைப்பேற்றுக்கு நெடுங்கேணி போய்விட்டாள்.
போனை முதலில் குழந்தைதான் எடுத்து அழுதது.
பிறகு அவள்:
"பால்மானிப் பெட்டி மூடியில பாரும், உள்பக்கம்.
வேற எங்க எழுத?"

எழுதியிருந்தாள். நீலப் பேனை, சாய்ந்த கை.
ஐந்தாம் கட்டத்தில் மூன்றாவது இலக்கத்தின் மேல்
எந்த விடியலிலோ ஒரு சொட்டுப் பால் விழுந்து காய்ந்திருந்தது.
ஒன்றோ, ஏழோ.
ஒன்று போட்டேன். பொருந்தவில்லை.
ஏழு போட்டேன். அதுவும் இல்லை.
மூடியை வெயிலில் பிடித்தேன். முகர்ந்தும் பார்த்தேன்,
புளித்த மணம் தவிர எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் கஜரூபனுக்கு ஞாபகம் வந்தது:
ஒவ்வொரு ஆறும் பதினொன்றால் பிரியவேணும்,
அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள்.

நெல் விற்ற துண்டொன்றின் பின்பக்கம் இழுத்தேன்.
ஒன்றுவிட்டு ஒன்று கூட்டு, கழி.
மூன்று, ஏழு, ஒன்பது: பத்தொன்பது.
ஐந்து, இரண்டு, ஒன்று: எட்டு.
மிச்சம் பதினொன்று.
ஏழுதான். ஏழு என்றால்
பிறகேன் திறக்கவில்லை?

மற்றவற்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றாய்.
ஏழாம் கட்டம் இடறியது.
கறையில்லை, மங்கலில்லை,
நான் ஐமிச்சமே படாத நாலு.
அது நாலே இல்லை,
அவசரத்தில் தலை மூடாமல் விட்ட ஒன்பது.

பூட்டுத் திறந்தது.
கோப்புறை திறக்கவில்லை.
உரிமையாளர் என்ற இடத்தில் பெயரில்லை,
எஸ் என்று தொடங்கும் நீளமான ஓர் எண்.
ஆரிது, என்றேன்.
நீங்கதான் அக்கா, என்றான்.
வியாழக்கிழமை வரைக்கும்.

உரிமையை எனக்கு மாற்றச் சொல்லி அழுத்தினேன்.
பச்சைக்கோடு ஊர்ந்தது. முற்றத்தில் லொறி இரண்டுதரம் ஹோர்ன் அடித்தது.
ஒருத்தரும் உறுதி கேட்கவில்லை, வரைபடம் கேட்கவில்லை.
தவமலர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் அவளுடைய வரியைத்தான் எடுத்தேன்.
"கார்த்திகை பதினாலு பாரும்,
மழைக்குள்ள கொண்டுவந்தனான்."
மூன்று லீற்றர் நூறு.
"மூண்டரை," என்றாள்.
மூன்று நூறு என்றுதான் கிடக்குது, என்றேன்.
கலனைத் தூக்கி மேசையில் வைத்தாள்,
என் புதிய விசைப்பலகைக்குப் பக்கத்தில்.
"அப்ப உது பூட்டியே கிடந்திருக்கலாம்."