கறைத்தீவு

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாகிவிட்டது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் துறையில் உறங்க
லோவெலுக்கு வேலை இல்லை.
கப்பல் ஓடாத மாதங்கள்தாம்
எங்கள் ஆட்டத்துக்கு விளைச்சல் காலம்.

நிலவறை மேசையில் இன்று வந்த புத்தகம்.
கெட்டி அட்டை, பொன்னெழுத்து,
முதுகில் நிறுவனத்தின் முத்திரை.
ஐம்பத்தொன்பது டாலர் தொண்ணூற்றைந்து சென்ட், வரி தனி.
நெற்றியில் ஒட்டிய சொல்: அதிகாரப்பூர்வமானது.
தீயா மோந்து பார்த்தாள்.
"புதுச் செருப்பு" என்றாள்.

பக்கத்தில் எங்களுடையது.
நாற்பத்து நான்கு பக்கம்.
இரண்டு ஸ்டேப்ளர் ஊசி, ஒன்று துரு.
பத்தொன்பது ஆண்டுக்கு முன்
நகல் கடையில் இரவுப் பணி பார்த்த நான்
முதலாளி அறியாமல் எடுத்த அறுபது படிகள்.
நாற்பது விற்றன, இரண்டு டாலர் வீதம்.
மீதி இருபது எங்கே என்று
என் அலமாரியைக் கேட்காதீர்கள்.

ஹெல்வாரா துறைமுகத்தைப் பற்றி
நிறுவனம் அதுவரை எழுதியிருந்தது ஒரே வரி:
தெற்கே ஹெல்வாரா, வணிகர் கூடும் ஊர்.
ஒரு வரிக்குள்
எத்தனை நாள் குடியிருப்பது?
வெர்லின் தெருக்களை வரைந்தான்.
தீயா நாணயங்களுக்குப் பெயரிட்டாள்.
பாலத்துக் காவலனுக்குத் திக்குவாயும்
ஏழு மகள்களும் கொடுத்தது நான்.

வரைபடத்தின் கடலில்
ஒரு காபிக் கோப்பையின் அடி பதிந்திருந்தது,
விளிம்பு உடைந்த இடத்தில் மட்டும் வாய் திறந்த வட்டம்.
நகல் இயந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது.
அறுபது முறை அதை நம்பியது.
"இந்தத் தீவில் யார் இருக்கிறார்கள்?"
வாங்கியவர்கள் எழுதிக் கேட்டார்கள்.
யாருமில்லை என்று சொல்ல வெட்கமாய் இருந்தது.
கறைக்கு ஒரு கரை வரைந்தோம்.
கரைக்கு ஒரு படகு.
படகுக்காரனுக்கு ஒரு கடன்.
அந்தக் கடனிலேயே மூன்று குளிர்காலம் ஓடியது.

புதுப் புத்தகத்தில் ஆறு வடக்கே பாய்கிறது.
பாலம் இல்லை.
காவலனும் மகள்களும் நின்ற இடத்தில்
சுங்க அலுவலகம், திங்கள் முதல் வெள்ளி வரை.
"அச்சில் இருப்பதுதான் செல்லும்" என்றார் கார்விக்,
போன கோடையில் சேர்ந்தவர், பல் மருத்துவர்,
சொத்தையைச் சொத்தை என்றே சொல்லிப் பழகியவர்.
யாரும் பகடையைத் தொடவில்லை.

பிறகு மடித்த வரைபடத்தை லோவெல் விரித்தான்.
கடலின் நடுவே
வாய் திறந்த வட்டத் தீவு.
அதே இடம். அதே உடைசல்.
"ஆதியில் ஓர் எரிமலை வெடித்ததால்" என்று
அரைப் பக்க விளக்கம்.
நன்றிப் பட்டியலைத் தேடினோம்:
முப்பத்தொரு பெயர், அதில் ஒன்று பூனை.
எங்கள் பெயர் இல்லை.

"திருட்டு!" தீயா எழுந்தே விட்டாள்.
"எதற்கு உரிமை கேட்பாய்?" என்றான் லோவெல், "காபிக்கா?"
அந்த ஒற்றை வரியை
யாரைக் கேட்டு எடுத்தோம் என்று
எனக்குள் ஒரு குரல்; வெளியே விடவில்லை.
கோபத்துக்கு அடியில்
வெட்கங்கெட்ட ஒரு பெருமை வேறு.

வெர்லினை அழைத்தோம். டூசானில் இருக்கிறான்,
வெயிலூருக்குக் குளிரூட்டி விற்கிறான்.
நீண்ட நேரம் சிரித்தான்.
"காபி என்று யார் சொன்னது?
அது தக்காளி சூப்."

பத்தொன்பது ஆண்டுகள்
எங்கள் வேதத்திலும் பிழை.

கார்விக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
பையிலிருந்து பென்சில் எடுத்து
வழவழத்த தாளின் ஆற்றுக்கு மேலே
நடுக்கத்தோடு ஒரு பாலம் போட்டார்.
"மெதுவாக" என்றாள் தீயா,
"வரி கட்டி வாங்கியிருக்கிறேன்."
அவர் நிமிரவில்லை.
"மகள்கள்
எத்தனை பேர் என்றீர்கள்?"