நாலு சுற்று

தனிஸ்லாஸை எங்கே புதைப்பது என்று
மதியம் இரண்டு மணிவரை முடிவாகவில்லை.
பிறந்தது மாதா கோயிலில்.
பெண் எடுத்தது எங்கள் லுத்தரன் தெருவில்.
போன புரட்டாசியில்
பாஸ்டர் ஏனோஸின் கீற்றுக்கொட்டகைக்குப் போனான்.
பொறையாறு சாலையில் மூன்று கல்லறைத் தோட்டம்,
மூன்றுக்கும் முள்வேலி.
இவனோ தானாகப் போனவன்.

வேதியர் சவரியப்பன் சொன்னார்:
கடைசி மூச்சுக்கும் அதற்கு முந்தியதற்கும் நடுவே
மனஸ்தாபப்பட நேரம் இருந்திருக்கும்.
உத்தரிக்கிற ஸ்தலம் நரகம் இல்லையே,
பூசை வைக்கலாம், மன்றாடலாம்.
ஆனால் பங்குச்சாமியாரைக் கேட்கவேண்டும்.

எங்கள் உபதேசியார் ஞானாதிக்கம்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
செத்தவன் கணக்கில் நாம் சேர்க்க ஒன்றுமில்லை,
கிருபைக்குத் தவணை கிடையாது என்றார்.
குழி வெட்ட ஆள் மட்டும் அனுப்பவில்லை.

ஏனோஸ் அழுதுகொண்டிருந்தார்.
இரட்சிக்கப்பட்டவன் இப்படிச் செய்யமாட்டான்.
செய்தானென்றால் இரட்சிக்கப்படவே இல்லை.
என் கையால்தானே முழுக்கினேன்,
என் கையில்தானே பிழை.

சேசு என்று வெட்டிய பழைய கல்லும்
இயேசு என்று வெட்டிய புதுக் கல்லும்
ஒரே உப்புக்காற்றில் உதிர்கிற ஊர்.

நான் லஸ்கர்.
வீரசோழன் ஆற்றுக் கடைமடையில்
ஏழு ஷட்டர், ஒரு திருகு சாவி.
மேட்டூரில் எத்தனை அடி என்று பேப்பரில் வரும்.
எத்தனை சுற்று என்று எனக்குச் சீட்டு வரும்.
சீட்டில் வயல் இருக்காது, ஆள் இருக்காது.
இருபத்திரண்டு வருஷம்
யாருடைய தகுதியையும் நான் விசாரித்ததில்லை என்று
டீக்கடையில் சொல்லிக்கொள்வேன்.

பொய்.

புரட்டாசியில் ஏனோஸ் வந்தார்.
முழுக்கு ஞானஸ்நானம், ஆறு பேர்,
வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான்,
பிரதர், கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.
எங்களுக்கு மூன்று கை தெளித்தால் போதும்,
உங்களுக்கு ஆளே மூழ்கணுமா என்று சிரித்தேன்.
சிரித்தபடியே நாலு சுற்று தூக்கினேன்,
சீட்டு இல்லாமல்.
விடியலில் நுரைத்துக்கொண்டு வந்தது.
தனிஸ்லாஸ் வெள்ளை வேட்டியோடு உள்ளே போய்
தும்மிக்கொண்டே எழுந்தான்.
மிச்சத் தண்ணீர் இறங்கி ஓடி
யார் யார் நாற்றங்காலிலோ நின்றது.

தையில், பயிர் பால் பிடிக்கும் சமயம்,
முறை வைத்து அடைத்திருந்தோம்.
ராத்திரி ஒன்பதுக்கு வந்தான்.
சைக்கிளைப் படுக்கப் போட்டான்.
மண்ணு நனைஞ்சாப் போதும்ணே.
சீட்டு இல்லை என்றேன்.
உண்மைதான், இல்லை.
அன்னைக்குத் தூக்கினீங்களே என்று
ஒரு வார்த்தை எடுத்திருந்தால்
தூக்கியிருப்பேனோ என்னவோ.
எடுக்கவில்லை.
சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போனான்.
பத்து நாளில் கதிர் அத்தனையும் சாவி.
என் கையிலும் சாவி.

கடைசியில் மாமனார் கொல்லையில்
நுணா மரத்தடியில் வெட்டினோம்.
மூவரும் வந்தார்கள்.
ஒருவர் முடிக்குமுன் அடுத்தவர் தொடங்கினார்.
வேதியர் தீர்த்தம் தெளித்தபோது
ஏனோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
அவர் தோளும் நனைந்தது.

மறுவாரம் சீட்டோடு தண்ணீர் வந்தது.
பதராய் நின்ற அவன் வயலுக்கும் பாய்ந்தது,
அவனைக் கடனுக்கு நெருக்கியவன் வயலுக்கும்.

எனக்கு என்ன ஆக்கினை என்று
மூவரில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.
யாராவது ஒருவர் சுலபமாய் மன்னித்துவிடுவார்
என்ற பயத்தில் கேட்கவில்லை.

முப்பதாம் நாள் ரூபாவதி மதகடிக்கு வந்தாள்.
நரகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
அன்னைக்கு முழுக்குக்கு
எத்தனை சுத்து தூக்கினீங்க?

நாலு.

ஷட்டரின் துருவை விரலால் சுரண்டியபடி நின்றாள்.
எங்களுக்கு ரெண்டு போதும், என்றாள்.