பதிவுக் காப்பாளர்

கடிதம் வியாழக்கிழமை வந்தது.
நூறு பவுண்டு.
பதினாலு நாளுக்குள் கட்டினால் அறுபதாம்,
ஆடித் தள்ளுபடி மாதிரி.

இரண்டு படங்கள்.
கடைத்தொகுதிக்குள் நுழையும் எங்கள் சாம்பல் நிறக் கோர்ஸா, 10:07.
வெளியேறும் அதே கோர்ஸா, 12:31.
இடது பிரேக் விளக்கு எரியவில்லை.
சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன் கெத்தினிடம்.
தொண்ணூறு நிமிடம் இலவசம்,
மிச்சம் ஐம்பத்து நாலும் குற்றம்.

மூன்றாம் தேதி, செவ்வாய்.
செவ்வாய் காலை பத்து மணிக்குக் கெத்தின்
தகர ஆலையில், காதடைப்பானோடு,
பதினேழு வருஷமாக நிற்கிற இடத்தில் நிற்கவேண்டும்.
வண்டி அவன் கையில்.
காப்பீடு மலிவு என்று பதிவு மட்டும் என் பெயரில்.
நான் பேருந்தில் போகிறவள்.

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பின்கண்ணாடிக்குள் ஒரு தலை.
பக்கத்து இருக்கை காலி.
அதைத்தான் முதலில் தேடினேன், ஒத்துக்கொள்கிறேன்.
அப்புறம்தான் உறைத்தது:
மூன்று வாரமாக அவன் சட்டையில் எண்ணெய்க்கறை இல்லை.

*ஓட்டியவர் யார்? பெயரும் முகவரியும் தரவும்*
என்று கீழே ஒரு கட்டம்.

நீத் நூலகத்தில் புதன்தோறும்
இலவசமாக ஆலோசனை சொல்லும் திருமதி அடேயெமி
விரல்விட்டு எண்ணினார்.
'பதினாறு நாள். பதினாலுக்குள் வந்திருக்கணும்.
வராததால் ஓட்டினவர் கடன் உன் தலையில் விடியாது.
யார் ஓட்டினது என்று நீ சொல்லவேண்டியதும் இல்லை.
எனக்கும் சொல்லாதே'
என்று காதைப் பொத்திக்கொண்டார்.

எழுதினேன்:
இவ்வண்டியின் பதிவுக் காப்பாளர் நான்.
ஓட்டியவரைக் காட்டிக்கொடுக்க
என்று எழுதி, அதை அடித்து,
அடையாளம் காட்ட
எனக்குக் கடமை இல்லை.
உங்கள் அறிவிப்பு காலம் கடந்து வந்தது.
இப்படிக்கு, நெரிஸ் புரோதெரோ.

எழுதாமல் விட்டது:
ஐயா, அந்த நூற்று நாற்பத்து நாலு நிமிடமும்
வண்டி அசையவே இல்லையே.
ஓட்டியவர் என்று யாரைச் சொல்வது?

பதில் வர முப்பத்தைந்து நாள் ஆகலாமாம்.

மறுநாள் காலை
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.
'கழிமுகத்தில், பழைய படகுத்துறைக்குப் பின்னால்
நாள் முழுக்க நிறுத்தலாமாம்.
கேமரா கிடையாதாம்.
தண்ணீரும் தெரியுமாம்.'

டீயில் சுற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.
கொதிகலன் ஒருமுறை இருமி அடங்கியது.
தலை நிமிராமல்,
'அந்த பிரேக் விளக்கு' என்றான்,
'இன்றைக்கு மாற்றிவிடுகிறேன், பகலில்.'

பகலில்.

பல்பு நாலு பவுண்டு இருக்கும்.
சில்லறையை எண்ணி
அவன் டப்பாவின் மேல் வைத்தேன்.