சாலை முகாமையாளருக்கு

ஆறு பத்துக்கு வரவேண்டிய பஸ்
ஆறு இருபதுக்கு வரும்.
அந்தப் பத்து நிமிசத்தில்தான் கிதுஷா
வாயில் றிபனைக் கடித்தபடி
இரண்டாவது பின்னலை முடிப்பாள்.
நான் ஒழுங்கை முகப்பில் ரோச் லைட்டோடு நிற்பேன்.
வெளிச்சம் கண்டால்தான் மஹ்ரூப் நானா பிரேக் பிடிப்பார்.
இருட்டில் எங்கள் ஊர் அவருக்கு
இரண்டு பாலை மரமும் ஒரு மதகும்.

எனக்கு பஸ் இருக்கவில்லை.
கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏழு கிலோமீற்றர்,
அதில் மூன்று காட்டுக்கரை.
ஐந்து பெண்பிள்ளைகள் நடந்தோம்.
சுகந்தமலர் பெரியபிள்ளை ஆனாள், நால்வர்.
ஜெயரூபியை ஏற்றிப்போன அண்ணன்
கல் உடைக்கப் போனான், சைக்கிளும் போனது.
மூவர்.
ஒரு கார்த்திகைக் காலை மதகடியில் யானை நின்றது.
யாரையும் ஒன்றும் செய்யவில்லை,
ஈச்சம்பற்றையைத் தின்றுவிட்டு அதன்பாட்டில் போனது.
அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே
"இனிக் காணும் பிள்ளை" என்றார்.
கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
நானும் கோபப்பட்டிருக்கலாம்.
ஒன்பதாம் ஆண்டுக் கணக்குக் கொப்பியில்
பாதி செய்த சமன்பாடு ஒன்று
இப்போதும் பெறுமதி காணாமல் கிடக்கிறது.

பிறகு, நான் வெங்காயத் தோட்டத்துக்குக்
கூலிக்குப் போய்வந்த ஒரு தை மாதம்,
சிவப்பு பஸ் வந்தது.
இரண்டு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
மழைக்குக் குடையை உள்ளே விரிக்கவேண்டும்.
ஆனாலும் பதினான்கு பெண்பிள்ளைகள்,
பதினான்கு சீசன் டிக்கட்.
ஹஸ்மியா முந்தின தரிப்பில் ஏறி
கிதுஷாவுக்குப் பையை வைத்து இடம்பிடிப்பாள்.
பின்கதவில் தொங்கும் பொடியன்களுக்காக
கொம்பாஸ் பெட்டியில் கவராயம் தயார்.
சுகந்தமலரின் தங்கச்சியும் போகிறாள்,
பெரியபிள்ளை ஆகிப் பதினாறாம் நாளே ஏறிவிட்டாள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கொண்டக்டர் மட்டும் "சீசன்?" என்று கேட்டார்.

மாசியில் பஸ் நின்றது.
கியர்பெட்டி போய்விட்டதாம்.
முதல் கிழமை காசு சேர்த்து ஓட்டோ பிடித்தோம்.
இரண்டாம் கிழமை ஓட்டோவுக்குள் ஐந்து பேர் மிச்சம்.
மூன்றாம் கிழமை கிதுஷா
குசினியில் இருந்து தேங்காய் துருவினாள்.
சிரட்டையில் வெள்ளை மிஞ்சாமல்
அவ்வளவு நன்றாகத் துருவினாள்.
எனக்குப் பயம் வந்தது.

அன்றிரவு கொப்பித் தாளைக் கிழித்து
மூதூர்ச் சாலை முகாமையாளருக்குக் கடிதம் எழுதினேன்.
பத்து வருசத்துக்குப் பிறகு முதல் கடிதம்.
"ஐயா, எங்கள் ஊருக்கு பஸ் வறுவதில்லை.
பெண்பிள்ளைகல் வீட்டில் இருக்கிரார்கள்."
இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை.
கிதுஷா வாங்கி வாசித்தாள்.
சிவப்புப் பேனை எடுத்து
வறு-வில் சுழித்தாள், கல்-லில் சுழித்தாள்,
ரகரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
பதின்நான்கு பேரின் பெயரையும் வகுப்பையும்
கீழே அடுக்கச் சொன்னாள்.
கடைசியில் மூலையில்
பத்துக்கு ஆறு போட்டாள்.
திருத்தி, புதிதாய் எழுதி,
கிளிவெட்டித் தபாற்கந்தோருக்கு நடந்தே போனேன்.
ஏழு கிலோமீற்றர் அப்படியே இருந்தது.

பதில் வந்தது.
"செல்வி நா. புவனலோஜினி அவர்களுக்கு" என்று
தட்டச்சில் அடித்திருந்தது என் முழுப்பெயர்.
இடாப்பில் என்னைக் கூப்பிட்டு
நான் "வந்தேன்" சொன்னபிறகு
யாரும் அதை அப்படி முழுசாக எழுதியதில்லை.
மாற்று பஸ் ஒழுங்கு செய்யப்படும் என்றது கடிதம்.
ஒழுங்கு செய்ய இன்னும் ஒன்பது நாள் போனது.
அதற்குள் ஒருத்திக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள்.
அவளுடைய சீசன் டிக்கட் அவளிடமே இருக்கிறது,
அவளுடைய தாயிடம் நான் இரண்டு தரம் போய்விட்டேன்,
நாளைக்கும் போவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு இருபத்தைந்துக்கு
பாலைமரத்தடியில் பிரேக் சத்தம்.
ஓடி ஏறினாள் கிதுஷா, பின்னல் ஒன்று அரைகுறையாக.

இனி, உயர்தரப் பிள்ளைகளுக்கு
பின்னேர வகுப்பு நாலரைக்கு முடியும்.
கடைசி பஸ் இரண்டு மணிக்கே போய்விடும்.
ஆகவே
"மதிப்புக்குரிய ஐயா,
நாலரைக்குப் பிறகு எங்கள் ஊருக்கு
ஒரு பஸ்ஸும் வருவதில்லை."

இந்த முறை
சின்ன ர.