பன்னிரண்டு மணி நேர இருட்டு

தபால் நிலையத்தில் பெயரைப் பதியப் போனபோது
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கேட்டாள்,
எத்தனை செடி?
ஆறு, என்றேன்.
சட்டம் அதற்கு மேல் விடாது.
என் விரல்மூட்டுகள் அதற்குக் கீழே விடாது.

ஃப்ரை பென்டோஸில் விதை விற்பவன் சின்னப் பையன்,
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
எல்லாம் பெண் விதை, சென்யோரா, என்றான்.
எப்படித் தெரியும்?
ஒரு பெண் செடியின் மேல்
வெள்ளி கலந்த நீரைத் தெளிப்பார்களாம்.
அது குழம்பி மகரந்தம் சுரக்குமாம்.
அந்தத் தூளை இன்னொரு பெண் வாங்கிக்கொண்டால்
பிறப்பதெல்லாம் மகள்கள்.
அப்பன் பெயர் கேட்கும் இடத்தில்
இவற்றுக்கு ஒரு கோடு.
என் அம்மாவின் சான்றிதழிலும் அதே கோடுதான்,
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும், என்றான் சில்லறை தரும்போது.
இருட்டு என்றால் இருட்டாக இருக்க வேண்டும்.
பயந்துவிட்டால் தானே ஆணுமாகித்
தன்மேல் தானே தூவிக்கொள்ளும்.
அப்புறம் பூ இல்லை, வெறும் விதை.

பின்னறை அலமாரியில் வைத்தேன்.
பன்னிரண்டு மணி நேரம் விளக்கு,
பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.
கதவிடுக்கில் கறுப்பு டேப்.
சாவித்துளையில் சூயிங்கம்.
டைமரில் மினுக்கிய சிவப்புப் புள்ளிக்கு
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

ஆறாவது வாரம்
நான்காவது செடியின் கணுவில்,
வெள்ளை இழைகளின் நடுவே
மஞ்சளாய் ஒரு வாழைப்பழம்,
எறும்பு உரித்துத் தின்னும் அளவில்.

சூடா என்று பார்த்தேன். தண்ணீரா, உரமா.
விதை விற்றவனைத் திட்டினேன், அவன் இல்லாதபோது.
அன்றிரவு இரண்டு மணிக்கு
கட்டிலின் அந்தப் பக்கம் லேசானது.

வில்மார்.
காகித ஆலையில் பதினாறு வருடம் இரவு ஷிப்ட்.
ஆலை அவனை அனுப்பிவிட்டது,
இரவு அனுப்பவில்லை.
நடைபாதை பல்பு எரிய, அலமாரி விரியத் திறந்து கிடக்க,
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
மாத்தே கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
என்ன செய்கிறாய்?
ஒன்றுமில்லை. ஷிப்ட் பார்க்கிறேன்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.
பூக்க ஆரம்பித்ததிலிருந்து, என்றான்.
இரண்டு மணிக்கு ஒரு விடியல்,
மூன்றரைக்கு மறுபடி இருட்டு,
எட்டுக்கு இன்னொரு விடியல்.
அவன் உடம்புக்கு அது பழக்கம்.
செடிக்கு இல்லை.
யாரும் வரப்போவதில்லை,
காலமும் சரியில்லை என்று கண்டுகொண்ட ஒன்று
இரண்டாகவும் ஆகிப் பார்க்கிறது.
அதைக் குற்றம் என்று சொல்ல
எனக்கு நாக்கு வரவில்லை.

ஆனாலும் வெட்டினேன்.
தூள் பறக்காதிருக்க நீர் தெளித்து,
கறுப்புப் பையைத் தலைவழியே இறக்கி,
அடியோடு.
வில்மார் மன்னிப்புக் கேட்கவில்லை.
பையின் வாயில் மூன்று முடிச்சுப் போட்டான்,
ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான்.

மறுநாள் ஹார்டுவேர் கடையில்
பச்சை பல்பு ஒன்று வாங்கினேன்.
செடிக்குப் பச்சை தெரியாது, என்றார் கடைக்காரர்.
பிறகு யோசித்து,
கிட்டத்தட்டத் தெரியாது, என்றார்.
கிட்டத்தட்ட போதும் எனக்கு.
நாற்பத்தோரு வருடக் கல்யாணம் அப்படித்தான் ஓடுகிறது.

இப்போது இரண்டு மணிக்கு
அவனுக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு வாளி.
அலமாரி மூடியே இருக்கும்.
பச்சையில் நாங்கள்
உருகுவே ஆற்றின் அடியில்
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி.
அதிகம் பேசுவதில்லை.
ஆலைக்கு இந்நேரம் லாரி வரும், என்பான்.
வரும், என்பேன்.

அறுத்து உலர்த்திப் பிரித்தபோது
ஐந்தாவதில் பதினோரு விதை.
எறிந்துவிடுங்கள், என்றான் பையன்,
தாயின் பதற்றம் அதற்குள்ளும் இருக்கும்.
எண்ணித்தான் எறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை துணி துவைக்கையில்
வில்மாரின் சட்டைப்பையில் ஏதோ உருண்டது.
தடவிப் பார்த்தேன், வரிவரியாய்.
எடுக்கவில்லை.
சட்டையை மட்டும்
வெயில் படாத பக்கமாகக் காயப்போட்டேன்.